ஏதாவது நடக்கும்போது மட்டும்

பெண்கள் கழிவறைக்குள் பாம்பு புகுந்த அன்றுதான் எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் லாத்தாவைத் தெரியவந்தது. அதுவரை அவர் லேபில் வேலை செய்கிற, அதிகம் பேசாத ஓர் அம்மா. அவ்வளவுதான்.

கடலூருக்குத் தெற்கே தொழிற்பேட்டையில் பிளைவுட் பசை தயாரிக்கிற கம்பெனி அது. நான் ஸ்டோர்ஸில் கிளார்க். லாத்தாவுக்கு லேபில் பசை எத்தனை நிமிஷத்தில் இறுகுகிறது என்று பார்த்து எழுதுகிற வேலை. காலையில் கம்பெனி வேன் சிதம்பரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, பி.முட்லூர் கூட்டுரோட்டில் அவரை ஏற்றும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் அங்கே வந்து நிற்பார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். வேனில் யாரோ ஒருவர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் லாத்தாவாகிவிட்டார்.

பாம்பு வாஷ்பேசினுக்குக் கீழே சுருண்டிருந்தது. லாத்தா அதற்கு நான்கடி தள்ளி, சுவரோடு சுவராக நின்றிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே நாங்கள் ஏழெட்டுப் பேர். வாட்ச்மேன் ஒரு மூங்கில் கழியோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"லாத்தா, ஓடியாங்க! வழி இருக்கு!" என்று கத்தினேன்.

"வழி இருக்கறது தெரியுது. இரு புள்ள" என்றார். குரலில் அவசரமே இல்லை. "நாக்க நீட்டுது பாரு. நீட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்குது."

"யோசிக்கட்டும், நீங்க வாங்க!"

"எனக்கு முட்டிக்குப் பின்னாடி வேர்க்குது. இத்தன வயசுல முட்டிக்குப் பின்னாடி எனக்கு வேர்த்ததே இல்ல."

ஹெச்.ஆர். மேனேஜர் வந்து எட்டிப்பார்த்தார். "மேடம், இது டியூட்டி டைம்" என்றார்.

லாத்தா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். பாம்பு தானாகவே தண்ணீர் போகிற ஓட்டை வழியாக வெளியேறியது. கடைசியில் வால் கொஞ்ச நேரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்து, அதுவும் போனது. லாத்தா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். பாம்பையே பார்க்காத வாட்ச்மேன், "சாரதான். ஒண்ணும் செய்யாது" என்றார்.

"சாரையோ என்னவோ, அதுக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்குச்சு" என்று சொல்லிவிட்டு லாத்தா லேபுக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஓர் உலர்ந்த திராட்சையிலிருந்து வந்தது.

பாம்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஊழியர்களுக்கு மன அழுத்தம் ஜாஸ்தியாகிவிட்டது என்று கம்பெனி ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, ஒன்றரை மணி நேரம். எங்கள் வேன் டிரைவர், "எனக்கு மைண்டு ஏற்கெனவே ஃபுல்லுதான் சார்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் தூங்கினார். பயிற்சியாளர் ஆளுக்கொரு திராட்சை கொடுத்து, பத்து நிமிஷம் அதைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், பிறகு மெதுவாக மென்று தின்ன வேண்டும் என்றார். பாய்லர் செக்‌ஷன் ஆட்கள் கொடுத்த கையோடு விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார்கள். இந்தக் கவனத்தைத் தினசரி வேலைகளில் பழக வேண்டும், டீ குடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது என்று அவர் முடித்தார்.

லாத்தா கையைத் தூக்கினார்.

"சார், பாத்திரம் கழுவுறப்ப என்னத்த கவனிக்கறது? அதுல ஒண்ணுமே நடக்கலியே?"

"அதாம்மா பயிற்சியே. ஒண்ணும் நடக்காத நேரத்துல முழுசா இருக்கறது."

"ஒண்ணும் நடக்காதப்ப சும்மா இருக்கறது எல்லாருக்கும் வரும் சார். ஏதாவது நடக்குறப்பதான் நாம கண்ண மூடிக்கறோம், கத்துறோம், ஓடுறோம். அப்பதான கவனிக்கணும்?"

பயிற்சியாளர் சிரித்துச் சமாளித்தார். லாத்தா சிரிக்கவில்லை. அவர் முடிவெடுத்துவிட்டார். திராட்சையைப் பத்து நிமிஷம் மென்றவர் அந்த ஹாலில் அவர் ஒருவர்தான். அதோடு திராட்சையை விட்டார். பெரிய விஷயங்களுக்குத் தாவிவிட்டார்.

எங்கள் வாழ்க்கையில் பெரிய விஷயங்கள் அத்தனை இருக்கின்றன என்பதே அவரோடு வேனில் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு பலாப்பழ சீசனில், ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் வேனுக்கு எதிரே பண்ருட்டிப் பக்கத்துப் பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. எங்களைக் கடக்கிற நேரத்தில் அதன் பின்கதவு திறந்துகொண்டது. பழங்கள் ஒவ்வொன்றாகத் தார் ரோட்டில் குதித்து எங்களை நோக்கி உருண்டு வந்தன. டிரைவர் இடமும் வலமுமாக வேனை ஒடித்தார். உள்ளே ஒரே கூச்சல். நான் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"யாரும் கண்ண மூடாதீங்க!" என்று லாத்தாவின் குரல் கேட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்கிற தோரணை. "கண்ண மூடுனா எல்லாம் வேஸ்ட்டு!"

ஒரு பழம் வேனுக்கு அடியில் போய் வெடித்தது. வேன் குலுங்கி, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பனைமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் அடியில்லை. என்ஜின் அணைந்த அமைதியில் பலாப்பழ வாசனை கும்மென்று மேலே வந்தது.

"பலாப்பழம் நேரா உருளாது போல. திரும்பித் திரும்பிப் பாத்துட்டு வருது. கவனிச்சியா?" என்று லாத்தா என்னிடம் கேட்டார். அவர் எழுந்து முன்னால் போய், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்திருந்த டிரைவரின் கையைக் குனிந்து பார்த்தார்.

"நடுங்குதே தம்பி. எந்த விரல்லேந்து ஆரம்பிச்சுது?"

"லாத்தா," என்றார் டிரைவர், அழுகிற குரலில், "மொதல்ல கீழ எறங்குங்க."

லாத்தா பல் பிடுங்கிக்கொள்ளச் சிதம்பரத்துக்குப் போனபோது நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் குறடை வாய்க்குள் விட்டு அசைக்க ஆரம்பித்ததும் லாத்தா கையைத் தூக்கினார். வலி போலிருக்கிறது என்று டாக்டர் நிறுத்தினார்.

"டாக்டர், இப்ப வந்தது வலியா, சத்தமா? எனக்குப் பிரிச்சுப் பாக்க முடியல. இன்னொரு வாட்டி மெதுவா ஆட்டுங்க."

டாக்டர் மரத்துப்போகிற ஊசியை இன்னொன்று எடுத்தார். லாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் மரத்துப்போச்சுன்னா அப்புறம் நான் எத கவனிக்கறது?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் வரிசைப் படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இது பைத்தியம் என்றுதான் வேனில் பாதிப் பேர் நினைத்தார்கள். நானும் சில நாள் நினைத்திருக்கிறேன். ஃபார்மலின் கசிந்த நாளுக்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பசைக்கு ஃபார்மலின் வேண்டும். அது ஒரு பெரிய தொட்டியில் இருக்கும். அதன் ஆவி பட்டால் கண்ணும் தொண்டையும் எரியும். ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டு எழுந்த நேரம், சைரன் அடித்தது. சைரன் அடித்தால் எல்லோரும் மெயின் கேட் பக்கத்துக் கொடிக்கம்பத்துக்கு அடியில் கூட வேண்டும் என்பது விதி. வருஷத்துக்கு இரண்டு முறை ஒத்திகை பார்ப்போம். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். லேப் வாசலில் லாத்தா நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு புள்ள. என் எடது காது ஜில்லுன்னு இருக்கு."

"இப்ப காதா முக்கியம்?"

"எப்பவும் சாப்பிட்டுட்டு வெளிய வந்தா அனலடிக்கும். இன்னிக்கு ஜில்லுன்னு இருக்கு. கடல் காத்து சீக்கிரமே வந்துடுச்சு." அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு கொடிக்கம்பத்தைப் பார்த்தார். காற்று கடல் பக்கமிருந்து தொட்டியின் மேல் அடித்து, நேராகக் கொடிக்கம்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. "எல்லாரும் அது போற எடத்துக்கே போறாங்க. நாம அது வர்ற பக்கம் போவோம்."

நானும் இன்னும் ஆறு பேரும் அவர் பின்னால் போனோம். தொட்டியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்க மதிலோரம், வேலிக்காத்தான் புதர்களுக்கு நடுவில் போய் நின்றோம். அங்கே ஒரு வாடையும் இல்லை. கேட் பக்கம் இருமலும் கூச்சலும் கேட்டன. கொடிக்கம்பத்தில் ஒழுங்காகக் கூடியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். நல்லவேளையாக அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் லாத்தாவுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, அவசர காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் கூடாமல் விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. இன்னொன்று, அவசர காலத்தில் நிதானத்தோடு செயல்பட்டதற்குப் பாராட்டுச் சான்றிதழ். இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து, ஒரே தேதி.

லாத்தா இரண்டையும் வேனில் வைத்து நிதானமாகப் படித்தார். மெமோவுக்கு ஒரு பக்கம் பதில் எழுதினார். 'சைரன் ஒலித்தபோது எனது இடது காது குளிர்ந்திருந்தது' என்று அது தொடங்கியது. 'தங்கள் பதில் ஏற்கப்பட்டது. இனிமேல் இவ்வாறு நடவாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று திரும்பி வந்தது.

"எது நடக்காமப் பாத்துக்கணும்? காது குளிராமயா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்தது. டிரைவர் ஒவ்வொரு நாளும், "லாத்தா, இன்னிக்குக் காது எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்காத நேரத்தில் லாத்தாவைப் போல எதையும் கவனிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக் கேரியரை வேனிலேயே விட்டுவிட்டுப் போவார். டீயில் இரண்டு முறை சர்க்கரை போட்டுக்கொண்டு, இனிக்கவில்லை என்பார். ஒரு தடவை நான் வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டுதலுக்காக மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அவர் பக்கத்தில்தான் தினமும் உட்கார்ந்து போனேன். பதினோராம் நாள் திரும்பிப் பார்த்து, "அட, நீ எப்ப மொட்ட போட்டே?" என்றார். வேனே சிரித்தது. அவரும் சிரித்தார். "சும்மா இருக்கறப்ப எனக்கு எதுவும் தெரியாதும்மா. என்னமாச்சும் நடந்தாத்தான் இந்தக் கண்ணு தொறக்கும்" என்றார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்த வருஷம் அவருடைய மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஒரே மகள், அவளுக்குக் கீழே ஒரு தம்பி. மகள் பிசியோதெரபி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். லாத்தாவின் கணவர் ஷார்ஜாவில் ஆறு வருஷமாக ஊருக்கு வராமல் இருந்தவர், நாற்பது நாள் லீவில் வந்தார். மாப்பிள்ளை வீடு சிதம்பரம். படிப்பை முடிக்க விடுவோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வேனில் லாத்தா பேசியதெல்லாம் ஒரு டெய்லரைப் பற்றித்தான். மகளின் கல்யாண ஜாக்கெட்டைச் சிதம்பரத்தில் ஒரு கடையில் தைக்கக் கொடுத்திருந்தார். போட்டுப் பார்த்தால் லூஸ். பிடிக்கக் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் போட்டுப் பார்த்தால் மறுபடியும் லூஸ். மூன்றாம் முறை கடைக்குப் போய்ச் சண்டையே போட்டுவிட்டு வந்தார்.

"அளவெடுக்கத் தெரியாதவன்லாம் மெஷின் வெச்சிருக்கான் புள்ள. எத்தன வாட்டி சொன்னாலும் அவனுக்குப் புரியல" என்றார். நாங்களும் அந்த டெய்லரைத் திட்டினோம்.

கல்யாணத்துக்கு வேன்காரர்கள் மொத்தப் பேரும் போயிருந்தோம். மண்டபத்தில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். அறுநூறு பேராவது இருப்பார்கள். நான் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய மாமா, பெண் சார்பில் வக்கீலாக, இரண்டு சாட்சிகளோடும் பெரிய பதிவுப் புத்தகத்தோடும் மாடிக்கு வந்தார். பெண்ணிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிப் போனால்தான் கீழே நிக்காஹ் நடக்கும். மாமா மாப்பிள்ளையின் பெயரையும் அவர் வாப்பா பெயரையும் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் அவள்.

மாமா தலையை ஆட்டிக்கொண்டு, "இங்க கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டினார். சம்மதம் என்பதைத் தவிர வேறு பதில் வரும் என்று அவர் காது எதிர்பார்க்கவே இல்லை.

"மாமா, நான் இல்லன்னு சொன்னேன்."

மாமா சாட்சிகள் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுது புள்ள?"

சாட்சிகளில் மூத்தவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "சம்மதம்னு சொல்லுது" என்றார்.

"சம்மதம் இல்லங்குறேன்!" என்று அவள் கத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு மாடியில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. பெரியம்மாக்களும் மாமிகளும் ஒரே நேரத்தில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வெட்கத்தில் சொல்கிறாள் என்றார் ஒருவர். திருஷ்டி என்றார் இன்னொருவர். ஒருவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்போது லாத்தா பூத்தட்டோடு படியேறி வந்தார். யாரோ ஓடிப்போய் அவர் காதில் சொன்னார்கள். தட்டை என் மடியில் வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பாம்பைப் பார்த்தபோது இருந்த அதே குரல். இங்கேயுமா என்று நினைத்தேன்.

லாத்தா மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். முகம், கழுத்து, வளையல் போட்ட கை, மருதாணிப் பாதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். கீழே மைக்கில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க லாத்தாவின் முகம் மாறியது. எத்தனையோ தடவை அவரை இந்த நிலையில் பார்த்திருக்கிறேன். பயந்து பார்த்தது அன்றுதான்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா. மெதுவா."

"எனக்கு வேணாம் உம்மா."

"சரி. ஏன்னு இப்ப சொல்றியா, அப்புறமா சொல்றியா?"

"அப்புறமா."

"சரி" என்று சொல்லி எழுந்துகொண்டார்.

அவர் கணவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "என்னடி நடக்குது இங்க? கீழ அத்தன சனம் ஒக்காந்திருக்கு! அவகிட்டப் பேசுடி!"

"பேசிட்டேன் மச்சான். ஒங்க மக வேணாங்குறா. அவ மாமா கேட்டப்பவும் சொன்னா, நான் கேட்டப்பவும் சொன்னா."

அவர் அப்படியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லாத்தா கீழே இறங்கி, நேராக ஆண்கள் பக்கம், மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் திட்ட ஆரம்பித்தார். திட்டுவதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. லாத்தா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறவர் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒருவர் கவனித்துக் கேட்டால் யாராலும் ரொம்ப நேரம் திட்ட முடியாது. அந்த மனிதருக்கு நடுவில் வார்த்தை தடுமாறியது. "அதான்... நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று இழுத்து, கடைசியில், "சோத்த வெச்சுக்கிட்டு இத்தன பேரையும் என்ன பண்றதும்மா?" என்றார்.

சமையல் பண்டாரி அதற்காகவே காத்திருந்தவர் போல ஓடிவந்தார். "லாத்தா, தம் ஒடச்சாச்சு. ஆறிப்போகும்."

"பரிமாறுங்க" என்றார் லாத்தா.

பரிமாறினார்கள். அவர்கள் விருந்தில் சஹன் என்று ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யார் யாரோடு உட்காருவது என்று அந்தக் குழப்பத்தில் யாரும் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு நேர் எதிரில், அதே தட்டில், பெண்ணின் தம்பி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் இருவரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளை ஒரு நல்ல கறித்துண்டாக எடுத்து அவன் பக்கம் தள்ளி வைத்தார். எங்கள் டிரைவர் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நல்ல பையன்தான் போல. சே!" என்றார்.

நல்ல பையன்தான். ஆனால் அன்று காலையில் மாப்பிள்ளையின் அக்கா மணப்பெண்ணின் அறைக்கு வந்து, அங்கே இருந்த காலேஜ் பையைப் பார்த்து, "இத இங்கேயே வெச்சுடு, இனிமே எதுக்கு?" என்று சொல்லியிருக்கிறார். படிப்பை நிறுத்துவது அந்த வீட்டில் முதல் நாளே முடிவான விஷயம். மாப்பிள்ளையும் மூன்று மாதமாகப் போனில் அதைத்தான் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான்காம் நாள் லாத்தா வேலைக்கு வந்தார். வேனில் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலாப்பழம் உருண்டதை ஒரு வாரம் சொன்னவர் ஆயிற்றே. பெரியக்குப்பம் தாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"லாத்தா, அந்த நேரத்துல என்ன கவனிச்சீங்க?"

லாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அவ முழங்கைய. எலும்பு தெரிஞ்சுது தம்பி."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"நேத்து அந்த டெய்லர் கடைக்குப் போனேன். என்னப் பாத்ததும் அந்த ஆளு பயந்து எழுந்திருச்சிட்டான். சண்டைக்கு வரல, மூணு வாட்டியும் எவ்ளோ புடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னேன். நோட்டுல பாத்துச் சொன்னான். மொதல்ல ஒரு இஞ்ச். அப்புறம் முக்கால். அப்புறம் ஒண்ணேகால்." விரலை மடக்கி எண்ணினார். "மூணு இஞ்ச். மூணு மாசமா புள்ள சாப்பிடல. அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏம்ப்பா அப்பவே சொல்லலைன்னேன். நீங்க எங்கம்மா என்னப் பேச விட்டீங்கங்குறான்."

நானும் அந்த டெய்லரைத் திட்டியிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வேனில் எங்களுக்கு நிம்மதி போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு நாள் டயர் வெடித்து வேன் தள்ளாடியபோது நாங்களெல்லாம் அலறினோம். லாத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நீ ஏன் ரெண்டு நாளா எடது பக்கமா மெல்றே? பல்லு வலிக்குதா?" என்று கேட்டார். டிரைவருக்கு எந்தச் செருப்பு தேய்ந்திருக்கிறது, வாட்ச்மேன் எந்தக் கிழமை டீ குடிப்பதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. நாங்கள் கூச்சத்தில் நெளிந்தோம்.

கணவர் லீவு முடிவதற்கு முன்பே ஷார்ஜாவுக்குப் போனார். கொஞ்ச நாள் போனில் பேசவில்லை, பிறகு பேசினார். மகள் படிப்பை முடித்தாள். இப்போது கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. எனக்கு வேறு வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். லாத்தாவின் பழைய நம்பர் இப்போது வேறு யாருக்கோ போகிறது.

அவரை நான் கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டையில் அவர் வீட்டில் பார்த்தேன். விடைபெற்றுக்கொள்ளப் போயிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். மகள் சாப்பாட்டு மேஜையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். புத்தகம் ஒன்று பக்கத்தில் திறந்திருந்தது. லாத்தா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, பாக்காதீங்க. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"நான் பாக்கல."

"பாக்குறீங்க. தெனமும் பாக்குறீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க."

லாத்தா உடனே எழுந்து, நாற்காலியை முழுசாகத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சுவரோரத்தில் அணைத்து வைத்திருந்த டிவியைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தார். மகள் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் லாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சென்னைக்குப் போகிற விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திப் பேச வேண்டாம் என்று சாடை காட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை நானும் பார்த்தேன். டிவியின் கறுப்புக் கண்ணாடியில் மேஜையும் தட்டும் மகளின் கையும் சின்னதாகத் தெரிந்தன.

லாத்தா என் காதருகே குனிந்தார்.

"நாலாவது எடுக்குறா" என்றார்.